பினாங்கின் கரையை நடந்தே பாருங்கள்: முதல் முறை வருபவர்களுக்கு

பினாங்குக்கு முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் காடி பிடித்து பத்து பெரிங்கிக்குப் போகிறார்கள். மணலில் கொஞ்ச நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அழகான கடற்கரைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தீவின் கரை அதற்கு மேலும் எவ்வளவோ வைத்திருக்கிறது. அதைப் பார்க்கக் கால்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் ஜார்ஜ்டவுன் கரை. இரண்டாம் நாள் தெலுக் பாஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எந்தக் கப்பல் எங்கே நின்றது, யார் எங்கே இறங்கினார்கள் என்று நகரக் கரையில் தெரிந்துகொண்டு, அப்புறம் காட்டுக்குள் போங்கள். அங்கே முனையில் நிற்கும் கலங்கரை விளக்கம் யாருக்காக எரிந்தது என்று அப்போது உங்களுக்கே புரியும்.

கிளம்பும் முன்

மழையைப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை அதிகம். காட்டுப் பாதை வழுக்கும், கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது. ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும், வெயிலும் அடிக்கும்.

மழையைவிட முக்கியம் கடலின் ஏற்ற இறக்கம். பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வடியும். அந்த நேரம் நாளுக்கு நாள் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் வடிந்திருக்கும்போது சேற்றில் பறவை இறங்கும், நண்டு வெளியே வரும், பாறைகள் தெரியும். நீர் ஏறியிருக்கும்போது அதே இடத்தில் வெறும் தண்ணீரைத்தான் பார்க்க முடியும். கைத்தொலைபேசியில் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துவிட்டு நடக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

மூட்டையில் அதிகம் வேண்டாம். ஆளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மழை அங்கி, பிடிப்புள்ள காலணி, கொசு மருந்து, ஒரு சின்னப் போத்தலில் சமையல் வினிகர். வினிகர் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். காட்டுப் பாதைக்குச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

முதல் நாள்: துறைமுகக் கரை

காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். பசியாறிவிட்டே கிளம்புங்கள். ஜார்ஜ்டவுனில் அதற்குப் பஞ்சமில்லை. இங்கே ஊருக்கு ஊர் பேர் வாங்கிய நாசி கண்டாரே, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடுதான்.

படகுத்துறை முனையத்துக்குத் தெற்கே உள்ள சியூ ஜெட்டியில் நடையை ஆரம்பியுங்கள். சீனக் குலத்தார் கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய குடியிருப்புகளில் மிகப் பெரியது இது. பலகைப் பாதையின் கடைசி வரை போய், கீழே குனிந்து பாருங்கள். நீர் வடிந்த நேரமானால் தூண்களில் சிப்பி அப்பியிருப்பதும் சேற்று மீன்கள் தாவுவதும் தெரியும். ஒன்று மறக்க வேண்டாம்: இருபுறமும் இருப்பவை குடும்பங்கள் வாழும் வீடுகள். சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், இரவில் போகாதீர்கள்.

அங்கிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடங்கள். நீங்கள் நடக்கும் வெல்ட் கீ சாலையே கடலைத் தூர்த்துப் போட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அலை வந்து மோதிய இடம் உள்ளே இருக்கும் பீச் ஸ்திரீட். கடலே கண்ணில் படாத ஒரு தெருவுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் அதுதான். படகுத்துறையையும் ஸ்வெட்டன்ஹாம் துறையையும் தாண்டும்போது கொஞ்சம் நில்லுங்கள்.

மலேசியத் தமிழர் பலரின் குடும்பக் கதை தொடங்குவது இந்தத் துறைமுகத்தில். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு வந்த கப்பல்கள் முதலில் தொட்ட ஊர் பினாங்கு. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் எழுபதுகளின் தொடக்கம்வரை இந்தத் தடத்தில் ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், வரும் முன் அவரிடம் நான்கு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். எந்தத் தகவல் பலகையும் தராததை அவர் தருவார்.

எல்லாரும் நேரே ஊருக்குள் வந்துவிடவில்லை. தீவின் கிழக்குக் கரைக்கு எதிரே உள்ள ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் முதலில் அங்கே அடைத்து வைக்கப்பட்டார்கள். அதே தீவில் தொழுநோயாளர் குடியிருப்பும் இருந்தது. 1969இலிருந்து 1993வரை அது சிறைச்சாலை. குவீன்ஸ்பே பக்கம் போனால் கரையிலிருந்தே அதைப் பார்க்கலாம்.

மேலும் வடக்கே, சாலைச் சந்தியில் விக்டோரியா மணிக்கூண்டு. மகாராணியின் அறுபதாண்டு ஆட்சிக்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். செல்வந்தர் சியா சென் இயோக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்ததில் சற்றே சாய்ந்துவிட்டது. எட்ட நின்று பார்த்தால் தெரியும்.

எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஜூலையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் இறங்கியது இந்த முனையில். முதலில் நிபோங் பனை மரங்களை வரிசையாக நட்டுக் கட்டிய வேலிக்கோட்டைதான். செங்கல் சுவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில். சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியையும் பாருங்கள்: 1603இல் வார்த்த டச்சுப் பீரங்கி, ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கை மாறி, 1871இல் ஆங்கிலேயரிடம் சிக்கியது. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதன் வாயில் பூ வைக்கும் வழக்கம் இருந்தது. கோட்டை மூலையில் இரும்புச் சட்டத்தால் ஆன கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1882இல் எழுப்பியது. இந்த ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேண்டும்.

கோட்டையைச் சுற்றி வந்தால் எஸ்பிளனேடு, உள்ளூர்ப் பேச்சில் பாடாங் கோத்தா லாமா. கடல் சுவரில் உட்கார்ந்து நீரிணையைப் பாருங்கள். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் ஜெர்மானிய எம்டன் கப்பல் இந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஆங்கிலேயக் கப்பல் என்று நம்ப வைக்கப் போலிப் புகைபோக்கி ஒன்றை மாட்டியிருந்தது. நங்கூரம் போட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தது. வெளியே போகும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும் மூழ்கடித்தது. அதற்கு ஐந்தே வாரம் முன்பு, செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததும் இதே எம்டன்தான். வங்கக் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாக்கியது ஒரே கப்பல்தான்.

கால் தாங்கினால் உள்ளே பத்து நிமிடம் நடந்து லெபோ குவீன் மகா மாரியம்மன் கோயில் (1833), காப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் (1801), சூலியா தெரு நாகூர் தர்கா மூன்றையும் பார்த்துவிடுங்கள். கரையில் இறங்கிய நம்மவர்கள் கூப்பிடு தூரத்தில் என்னென்ன கட்டிக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

மாலையில் நேரம் இருந்தால் கர்னி டிரைவ். 1951இல் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்ட ஆங்கிலேய உயர் ஆணையர் ஹென்றி கர்னியின் பெயர் அது. கடலைத் தூர்க்கும் வேலை கரையின் உருவத்தையே மாற்றிவிட்டது. பழைய கடல் சுவருக்குக் கீழே சேறு படிந்த இடத்தில் அலையாத்திச் செடிகள் தாமாகவே முளைத்து வந்தன. அந்தச் சேறு மிஞ்சியிருக்கும் இடத்தில் நீர் வடிந்த நேரம் கொக்கு நிற்கும். பசெம்போர் சாப்பிட வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, நீங்கள் திரும்புங்கள்.

இரண்டாம் நாள்: தெலுக் பாஹாங் காட்டுக் கரை

ஜெட்டி நிலையத்திலோ கொம்தாரிலோ 101 எண் ரேபிட் பினாங்கு பேருந்தில் ஏறுங்கள். சில்லறையைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கடலை ஒட்டியே ஓடி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகித் தெலுக் பாஹாங்கில் முடியும். விமான நிலையப் பக்கம் தங்கியிருந்தால் 102. எட்டரைக்குள் பூங்கா வாசலில் இருப்பது நல்லது.

முதல் வேலை அலுவலகத்தில் பதிவு. அடையாள அட்டையோ கடப்பிதழோ கையில் இருக்கட்டும். மலேசியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதல். பணம் கட்டியதோடு நகர்ந்துவிடாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது? கடல் எப்படி, படகு ஓடுமா? மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் பாதையை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

இந்தப் பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பந்தாய் ஆச்சே வனக்காப்பகம். நிலப்பகுதி ஏறக்குறைய 1,200 ஹெக்டர்தான், அளவில் சிறியது. ஆனால் மலைக்காடு, அலையாத்தி, மணற்கரை, பாறைக்கரை எல்லாம் ஒரே நாள் நடைக்குள் வந்துவிடும்.

வாசலிலிருந்து கொஞ்ச தூரம் கடலோரச் சமப்பாதை. சுங்கை துக்குன் ஓடைப் பக்கம் பாதை இரண்டாகப் பிரியும். இங்கே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். களைத்த காலோடு ஓடினால் எதையும் பார்க்க முடியாது.

இடப்பக்கம் போனால் பந்தாய் கெராச்சுட். மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, புதியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். மலை முதுகில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். வழி முழுக்க நிழல். வேர்களே படிக்கட்டாக இருக்கும் இடங்களில் மெதுவாகக் கால் வையுங்கள்.

இறங்கி வந்ததும், கடலுக்கு முன்னால் ஓர் ஏரி. மலை ஓடைகளின் நன்னீர் மேலே, கடலிலிருந்து உள்ளே வந்த உப்புநீர் கீழே. இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். உப்புநீர் கனமானது, அதனால் அடியில் தங்கிவிடுகிறது. மெரோமிக்டிக் ஏரி என்பார்கள், ஆசியாவிலேயே அபூர்வம். மழைக்காலத்தில்தான் நிறைந்திருக்கும். வறண்ட மாதங்களில் வெறும் சேற்றுப் பள்ளமாகக் கிடக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கெராச்சுட்டின் உண்மையான சொந்தக்காரர்கள் கடலாமைகள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட்வரை பேராமை, செப்டம்பர் முதல் பிப்ரவரிவரை பங்குனி ஆமை இரவில் கரையேறி முட்டையிடும். மணலின் ஒரு முனையில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. முட்டைகளை எடுத்து வேலிக்குள் மறுபடி புதைத்துக் காக்கிறார்கள். குஞ்சு வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம். மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது: சூடு ஏறினால் பெண் குஞ்சுகள் கூடும். கடும் வெயில் ஆண்டுகள் நிலையத்தாருக்குக் கவலை தருவது அதனால்தான்.

பகலில் ஆமையைப் பார்ப்பது அரிது, தடத்தைப் பார்க்கலாம். அதிகாலையில் மணலில் டிராக்டர் ஓடியதுபோல் ஒரு பட்டை கடலிலிருந்து மேலேறியிருக்கும். உட்கார்ந்து உற்றுப் பாருங்கள். இருபுறமும் துடுப்புக் குறிகள் நேருக்கு நேராக இருந்தால் பேராமை. அது இரண்டு துடுப்பையும் ஒருசேர ஊன்றி நகரும். குறிகள் மாறி மாறி விழுந்திருந்தால் பங்குனி ஆமை. தடத்தின் மேல் மிதிக்காதீர்கள், காவலர்கள் அதைக் கணக்கெடுக்க வருவார்கள். கரையில் இரவு தங்க நினைத்தால் முன் அனுமதி வேண்டும். ஆமை ஏறும்போது விளக்கு அடிப்பதும் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் அதை முட்டையிடாமலே திருப்பி அனுப்பிவிடும்.

வலப்பக்கப் பாதை

பிரிவில் வலப்பக்கம் திரும்பினால் பாதை கடலை விடாமல் ஒட்டிப் போகும். ஏற்ற இறக்கம் குறைவு என்றாலும் பாறைகளில் தவழ வேண்டிய இடங்கள் உண்டு. தெலுக் ஆலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கடலோர ஆய்வு மையம் வரும். அதைத் தாண்டினால் தெலுக் டூயோங், எல்லாரும் குரங்குக் கடற்கரை என்று சொல்லும் விரிகுடா. இங்கே கரை மரங்களைக் கவனியுங்கள்: சவுக்கு, தாழை, வாதாம் மரம், புன்னை. புன்னை இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடு நரம்பிலிருந்து மயிரிழை போன்ற கோடுகள் நெருக்கமாக ஓடுவது தெரியும். நெய்தல் பாட்டுகளில் படித்த மரம், இந்தக் கரையிலும் தானாக வளர்ந்து நிற்கிறது.

விரிகுடாவின் பின்னால் இருந்து முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு ஏற்றம். செங்குத்து, முக்கால் மணி நேரம் ஆகும். 1883இல் கருங்கல்லில் கட்டியது, கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல் நிற்கிறது. கோட்டை விளக்குக்கு அடுத்த ஆண்டு. இது தீவின் வடமேற்கு முனை. வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்களுக்குத் திசை காட்டியது இந்த வெளிச்சம். கோட்டை விளக்கின் வேலை துறைமுக வாசலைக் காட்டுவது. ரஜூலாவின் தளத்தில் விழித்திருந்தவர்கள் இரண்டையும் கடந்துதான் கரைக்கு வந்திருப்பார்கள். பாதை திறந்திருந்தால் மட்டும் ஏறுங்கள். உள்ளே விடுவார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள்.

விலங்குகளைப் பார்ப்பது எப்படி

நீண்டவால் குரங்குகள் உங்களைத் தேடி வரும். பிளாஸ்டிக் பையின் சரசரப்புக் கேட்டாலே அவற்றுக்குச் சாப்பாடு என்று தெரியும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள், கையில் பை வேண்டாம். பல்லைக் காட்டினால் அது சிரிப்பு இல்லை, மிரட்டல். கண்ணை நேரே பார்க்காமல், ஓடாமல், மெல்ல விலகுங்கள். உணவு கொடுக்கவே கூடாது. கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லோத்தோங் என்னும் இலைக்குரங்கு வேறு. சாம்பல் நிற உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். உயரத்தில் இலை தின்றுகொண்டிருக்கும், கீழே இறங்குவது குறைவு. பிறந்த குட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தாயின் வயிற்றில் அது தொங்குவதைப் பார்த்துவிட்டால் அந்த நாள் வீண் போகாது. கிளை அசைந்தால் நின்று, சத்தமில்லாமல் ஐந்து நிமிடம் மேலே பாருங்கள்.

வானத்தில் வெண்வயிற்றுக் கடற்கழுகும், நாம் கருடன் என்று கும்பிடும் செம்பருந்தும் வட்டமிடும். ஓடை வாய்களில் நீர் உடும்பு படுத்திருக்கும். பெரிதாக இருந்தாலும் வழியை விட்டால் அது பாட்டுக்குப் போய்விடும். காலையில் நீர்நாய்க் கூட்டம் கரையோரம் மீன் பிடிக்க வருவதும் உண்டு.

கடலில் இறங்கலாமா?

கெராச்சுட்டில் வேண்டாம். நீரோட்டம் இழுக்கும், ஜெல்லி மீனும் உண்டு. பினாங்கு நீரில் பெட்டி ஜெல்லி மீனும் இருக்கிறது, அதன் கொட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். யாரையாவது கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகரை அரை நிமிடமாவது விடாமல் ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுத்து, 999ஐ அழையுங்கள். காட்டுக்குள் பல இடங்களில் கைத்தொலைபேசி பிடிக்காது, அதனால் தனியாகப் போக வேண்டாம்.

திரும்புவது

போகும்போது நடந்து, வரும்போது படகில் வருவதே நல்ல ஏற்பாடு. கெராச்சுட்டிலும் தெலுக் டூயோங்கிலும் படகு கிடைக்கும். வாசல் பக்கத்திலேயே நேரத்தையும் கட்டணத்தையும் பேசி முடித்துவிட்டு நடையைத் தொடங்குங்கள். படகோட்டியை ‘அபாங்’ (அண்ணன்) என்றும், வயதில் மூத்தவரானால் ‘பாக்சிக்’ (மாமா) என்றும் மலாயில் கூப்பிட்டால் பேச்சு சுமுகமாக நடக்கும். கட்டணம் ஆளுக்கா, படகுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். வயதான பெற்றோர் உடன் வந்தால் இருவழியும் படகிலேயே அழைத்துப் போங்கள். மாசி மகத்தை ஒட்டி வருகிறவர்கள் தெலுக் பாஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில் திருவிழாவையும் சேர்த்துத் திட்டமிடலாம். அன்று பேருந்திலும் சாலையிலும் நெரிசல் இருக்கும்.

மூன்றாவது நாள் கிடைத்து, பறவையில் ஆசையும் இருந்தால், படகேறி அக்கரைக்குப் போங்கள். செபராங் பிறையில் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடாவரை நீளும் சேற்றுக்கரைக்குச் செப்டம்பர் முதல் மார்ச்வரை வடக்கேயிருந்து வலசை வரும் உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் இறங்கும். அங்கே நீர் முழுக்க வடிந்த நேரத்தில் போனால் பறவைகள் வெகு தூரத்தில் புள்ளியாகத்தான் தெரியும். ஏற்றம் உச்சத்துக்கு வர இரண்டு மணி நேரம் இருக்கும்போது தொலைநோக்கியோடு கரையில் உட்காருங்கள். சேறு மூழ்க மூழ்க அவை உங்கள் பக்கம் நகர்ந்து வரும்.